வீட்டிலேயே பிரேக் காலிப்பருக்கு பெயின்ட்: கடலூர், புதுச்சேரி வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூரில் தேவனாம்பட்டினம் போகிற வழியில், கடலுக்கு நடக்கிற தூரத்தில் எங்கள் வீடு. வாசலில் காரின் சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், தெருவில் போகிற யாராவது ஒருவர் நின்று கேட்பார். புதுச்சேரியில் இருக்கும் உறவுக்காரர்கள் போனில் கேட்பார்கள். பல வருடங்களாகத் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

காலிப்பர் என்பது எது? அதற்கு எதற்குப் பெயின்ட்?

சக்கரத்தின் இடுக்கு வழியாகப் பார்த்தால் வட்டமாக, பளபளவென்று ஒரு இரும்புத் தட்டு தெரியும். அது டிஸ்க். அதன் ஓரத்தைக் கவ்விக்கொண்டு கனமான ஒரு வார்ப்பு இரும்புக் கட்டி நிற்கும். அதுதான் காலிப்பர். பிரேக்கை மிதித்ததும் அதற்குள் இருக்கும் பிஸ்டன், பேட் என்கிற உராய்வுக் கட்டையைத் தள்ளி டிஸ்க்கோடு அழுத்தும். நம் பக்கம் ஓடும் சின்ன கார்களில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்.

கம்பெனியிலிருந்து வரும்போது பல வண்டிகளின் காலிப்பரில் மெல்லிய பூச்சு ஒன்றுதான் இருக்கும். உள்நாட்டு ஊர்களில் அது பல வருடம் தாங்கும். கடலூர் முதுநகரிலோ புதுச்சேரி வைத்திக்குப்பத்திலோ உப்புக் காற்றில் நிற்கிற வண்டிக்கு இரண்டு மழைக்காலம் போனாலே செம்பழுப்பு ஏறத் தொடங்கிவிடும். காலிப்பர் தடியான இரும்பு, மேல்துருவால் மட்டும் உடைந்துவிடாது. ஆனால் துரு அங்கேயே நிற்காது. பேட் உட்காரும் காடிக்குள் புகுந்து பேடை இறுக்கும். ரப்பர் பூட் என்கிற தூசு மறைக்கும் உறையின் விளிம்பைத் தூக்கும். பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றும் பிளீடர் நிப்பிளை அசைக்க முடியாதபடி பிடித்துக்கொள்ளும். பெயின்ட் அடிப்பது இதைத் தள்ளிப்போடத்தான். அழகு அதோடு சேர்ந்து கிடைக்கிறது.

சிவப்பு அடித்தால் பிரேக் நன்றாகப் பிடிக்குமா?

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருநாள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து குந்தினான். "அண்ணே, செவப்பு அடிச்சா பிரேக் நல்லா புடிக்குமா?" "புடிக்காதுடா தம்பி. கலருக்கும் பிரேக்குக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா அடிக்கறதுக்கு முன்னாடி நீ கழுவுற பாரு, அதுல புடிக்கும்" என்றேன். அவனுக்குச் சொன்னதுதான் எல்லோருக்கும்.

சிவப்பு என்றதும் வேகம் ஞாபகத்துக்கு வருவதற்குக் காரணம் இருக்கிறது. 1961ல் தொடங்கிய இத்தாலியின் பிரெம்போ கம்பெனியின் சிவப்புக் காலிப்பர்கள் விலை உயர்ந்த கார்களில் வந்து பேர் வாங்கிவிட்டன. போர்ஷே கார்களில் நிறத்துக்கு அர்த்தமே உண்டு: மஞ்சள் காலிப்பர் இருந்தால் செராமிக் டிஸ்க், பச்சை இருந்தால் ஹைபிரிட். நம் வண்டிக்கு அப்படி எதுவும் கிடையாது, பிடித்த நிறத்தை அடித்துக்கொள்ளுங்கள். என் வண்டிக்கு அடர் சாம்பல்தான். பேடிலிருந்து உதிரும் கறுப்புத் தூள் அதில் அவ்வளவாகத் தெரியாது, துரு எட்டிப்பார்த்தால் மட்டும் உடனே தெரியும்.

கேட்டுக்கு அடித்த எனாமல் மிச்சம் இருக்கிறது. அதை அடிக்கலாமா? ரெட் ஆக்சைடு?

வேண்டாம். மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக்கை மிதித்தால் டிஸ்க்கின் சூடு பல நூறு டிகிரிக்குப் போகும். காலிப்பர் அந்த அளவுக்குச் சுடாது, ஆனாலும் சாதாரண எனாமலை இளக்கிப் பழுப்பாக்கி உரிக்கிற அளவுக்குச் சுடும். ரெட் ஆக்சைடும் கேட்டுக்கும் கிரில்லுக்கும் உள்ள சரக்கு. அதன்மேல் என்ன பெயின்ட் அடித்தாலும் அடியோடு சேர்ந்து வரும்.

பைக் சைலன்சருக்கு அடிக்கும் ஹீட் ரெசிஸ்டன்ட் ஸ்ப்ரேயைப் பலர் வாங்கி வருகிறார்கள். 600 டிகிரி தாங்கும் என்று டப்பாவில் இருக்கும், அது உண்மைதான். ஆனால் அந்த வகைப் பெயின்டுகளில் பல 200 டிகிரி பக்கம் சுட்டால்தான் முழுசாக இறுகும். சைலன்சர் அந்தச் சூட்டைத் தானே கொடுத்துவிடும். ஊருக்குள் ஓடும் வண்டியின் காலிப்பர் கொடுக்காது. அதனால் பெயின்ட் கடைசி வரை மெத்தென்றே இருந்து, ஒரு சொட்டு பிரேக் ஆயில் பட்டாலும் கரைந்து வரும். டப்பாவில் பிரேக் காலிப்பருக்கு என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். பெயின்டை இறுக வைக்கும் ஹார்டனர் கலந்து பிரஷ்ஷால் அடிக்கும் இரண்டு டப்பா வகை கிடைத்தால் அதுதான் எனக்குப் பிடித்தது. கலந்த பிறகு சில மணி நேரத்தில் கெட்டியாகிவிடும், அதனால் தேவையான அளவு மட்டும் கலக்க வேண்டும்.

ஸ்ப்ரே நல்லதா, பிரஷ்ஷா?

எங்கள் ஊர்க் காற்றுக்குப் பிரஷ். ஸ்ப்ரே அடித்தால் பாதி காற்றோடு போய் டிஸ்க், டயர், பக்கத்தில் நிற்கும் வண்டி என்று எல்லாவற்றிலும் உட்காரும். காற்று புகாத ஷெட் இருப்பவர்கள் தாராளமாக ஸ்ப்ரே அடிக்கலாம். பரப்பு மழமழவென்று வரும். பிரஷ் ஒரு இஞ்ச் அகலம் போதும், இடுக்குகளுக்கு ஓவியம் வரையும் சின்ன பிரஷ் ஒன்று.

எந்த மாதத்தில் அடிக்கலாம்?

இதைத்தான் முதலில் கேட்க வேண்டும், ஆனால் கடைசியில்தான் கேட்கிறார்கள்.

நான் முதல்முறை அடித்தது ஒரு ஐப்பசியில். அன்றைக்கு வெயில் நன்றாக அடித்தது, மழை இல்லை. மாலையில் அடித்து முடித்து அப்படியே விட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் பெயின்ட் முழுக்கப் பால் தெளித்துக் காய்ந்ததுபோல வெளுத்திருந்தது. பெயின்டில் உள்ள தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துபோகும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்தக் குளிர்ச்சியில் ஈரம் வந்து படிந்து, பெயின்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். இரண்டு நாள் உழைப்பை மறுபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தே எடுத்தேன். தேய்க்கும்போது வந்த வருத்தம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஆகவே ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம். மார்கழியில் மழை நின்றிருந்தாலும் பனி இருக்கும். நல்ல காலம் மாசியும் பங்குனியும். மாசி மகத்துக்குச் சாமிகள் தேவனாம்பட்டினத்துக்கும் வைத்திக்குப்பத்துக்கும் கடலாட வருகிற சமயத்தை நான் அடையாளமாக வைத்திருக்கிறேன். அந்த வாரத்திலோ அடுத்த வாரத்திலோ ஒரு சனி, ஞாயிறு. காலை எட்டரை, ஒன்பதுக்குப் பனி உலர்ந்ததும் ஆரம்பித்து, மதியம் கடல்காற்று எழும்புவதற்குள் கடைசிப் பூச்சை முடித்துவிட வேண்டும். கத்திரி வெயிலில் வேறு தொல்லை. இரும்பே கொதிக்கும், பிரஷ் வைத்த இடத்திலேயே பெயின்ட் காய்ந்து தழும்பு தழும்பாக நிற்கும். அப்போது நிழலில்தான் அடிக்க வேண்டும்.

ஆயுத பூஜைக்கு முன் அடித்துவிடலாமா?

பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் ஆரம்பித்தால் மழை வந்து கெடுத்துவிடும், அவசரத்தில் கழுவுவதையும் பாதியில் விடுவீர்கள். ஆவணி கடைசியில் இரண்டு மூன்று காய்ந்த நாள் கிடைத்தால் அப்போதே முடித்துக்கொள்ளுங்கள். பூஜையன்று சந்தனம், குங்குமம் வைக்கக் காலிப்பர் பளிச்சென்று இருக்கும்.

என்னென்ன வாங்க வேண்டும்?

காலிப்பர் பெயின்ட், பிரேக் கிளீனர் ஸ்ப்ரே இரண்டு டப்பா, கம்பி பிரஷ், பழைய பல் பிரஷ், 120, 220, 400 நம்பர் உப்புத்தாள், மாஸ்கிங் டேப், பழைய செய்தித்தாள், பிளாஸ்டிக் பை, பனியன் வேஸ்ட், கையுறை, மாஸ்க், கண்ணாடி. காலிப்பர் நகர்வதற்கு உள்ள கெய்டு பின்னுக்குப் போடும் சிலிக்கான் பிரேக் கிரீஸ் சின்ன டியூப் ஒன்று, இதை மறக்க வேண்டாம். வண்டியோடு வந்த ஜாக்கி போதாது, ஜாக் ஸ்டாண்டு இரண்டு வேண்டும். வாங்க மனமில்லை என்றால் தெரிந்த பட்டறையில் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கி வாருங்கள்.

ஸ்டாண்டுக்குப் பதில் செங்கல், ஹாலோ பிளாக் வைக்கலாமா?

கூடாது. ஹாலோ பிளாக் பாரம் தாங்கும்போதே சட்டென்று நொறுங்கும், முன்கூட்டி எந்தச் சத்தமும் கொடுக்காது. கட்டாந்தரையில்தான் வண்டியைத் தூக்க வேண்டும். எங்கள் பக்கத்து மணல் வாசலில் ஜாக்கி மெல்ல மெல்லச் சாயும். முன்பக்கம் தூக்கும்போது ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பின்பக்கம் தூக்கும்போது ஹேண்ட் பிரேக்கால் பயன் இல்லை. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரைப் போட்டு வையுங்கள். வீல் நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிட்டு அப்புறம் தூக்குங்கள்.

காலிப்பரைக் கழற்ற வேண்டுமா?

பெயின்டுக்காகக் கழற்ற வேண்டியதில்லை. வண்டியிலேயே வைத்து அடிக்கலாம். பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாயான பிரேக் ஹோஸை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கழற்றாதீர்கள். கழற்றினால் காற்று புகும், பிறகு அந்தக் காற்றை வெளியேற்ற பிளீடிங் செய்ய வேண்டும். அது பழகிய மெக்கானிக்கின் வேலை. கெய்டு பின்னைப் பார்ப்பதற்காகக் காலிப்பரைத் தூக்க வேண்டி வந்தால் அதை ஹோஸில் தொங்கவிடாமல், ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வையுங்கள். காலிப்பர் தூக்கியிருக்கும்போது யாரும் பிரேக் பெடலை மிதிக்கக் கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும். வீட்டில் குழந்தைகள் வண்டிக்குள் ஏறி விளையாடுவார்கள், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவைப் பூட்டிவிடுவது நல்லது.

எவ்வளவு சுத்தம் செய்ய வேண்டும்?

மொத்த வேலையில் முக்கால் பங்கு இதுதான். பெயின்ட் அடிப்பது ஒரு மணி நேரம், சுத்தம் செய்வது அரை நாள்.

முதலில் தூள். பிரேக் தூளைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதாதீர்கள், வாயாலும் ஊதாதீர்கள். பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், புதியவற்றின் தூளும் நுரையீரலுக்கு ஆகாது. மாஸ்க் போட்டு, தண்ணீரும் சோப்பும் விட்டு நனைத்தே துடைத்தெடுங்கள். காய்ந்ததும் கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, பிறகு 120, 220 என்று உப்புத்தாளைத் தேய்த்து, 400ல் முடியுங்கள். பழைய பூச்சு கெட்டியாக இருக்கும் இடத்தில் இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டியதில்லை, சொரசொரப்பு ஏறினால் போதும். கடைசியில் பிரேக் கிளீனர் அடித்துத் துடையுங்கள். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். அதற்குப் பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள், விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் பிடிக்காது.

பட்டறைகளில் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் விட்டுக் கழுவுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே அது ஆகாது. பிரேக்கில் உள்ள ரப்பர் சீல்கள் பிரேக் ஆயிலுக்காகச் செய்தவை, பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிப்போகும். உப்பிய சீல் பிஸ்டனைத் திரும்ப விடாது. கெய்டு பின்னுக்குச் சாதாரண மஞ்சள் கிரீஸ் போடக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

இந்தக் கெய்டு பின் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு சமயம் புதுச்சேரி போகிற வழியில், ரெட்டிச்சாவடி தாண்டி பிரேக் போட்டால் வண்டி லேசாக வலப்பக்கம் இழுத்தது. டயர் காற்று, அலைன்மென்ட் எல்லாம் பார்த்தாகிவிட்டது. பெயின்ட் அடிக்கலாம் என்று அந்த மாசியில் இடது முன் சக்கரத்தைக் கழற்றி உட்கார்ந்தேன். பல் பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டே வரும்போது, கீழ்ப்பின்னின் ரப்பர் பூட் மடிப்பில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தது. நகத்தால் சுரண்டினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உப்பு. பூட்டில் மயிரிழை அளவுக்கு ஒரு கிழிசல். காலிப்பரை அசைத்தால் அசையவில்லை. போல்ட்டை எடுத்துவிட்டுப் பின்னைப் பிளையரால் திருகித் திருகி இழுத்தபோது பாதி பளபளப்பாகவும் பாதி காவி நிறமாகவும் வந்தது. உள்பக்க பேட் அதன் இரும்புத் தகட்டுக்கு அருகில் வரை தேய்ந்திருந்தது, வெளிப்பக்க பேட் அப்படியே இருந்தது. காலிப்பர் பின்னில் நகர்ந்தால்தான் இரண்டு பேடும் சமமாக அழுத்தும். பின் இறுகிவிட்டதால் இடது பிரேக் பாதி வேலைதான் செய்துகொண்டிருந்தது.

பெயின்ட் வேலையை நிறுத்திவிட்டு, புது பின், பூட், பேட் எல்லாம் வாங்கிப் போட்டு, சிலிக்கான் கிரீஸ் தடவி மூடிய பிறகுதான் பிரஷ்ஷைக் கையில் எடுத்தேன். அதோடு அந்த இழுப்பு போய்விட்டது. கடலோரத்தில் இருப்பவர்கள் பெயின்டைச் சாக்காக வைத்தாவது சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று நான் ஆளாளுக்குச் சொல்வது இதனால்தான்.

எதையெல்லாம் மூட வேண்டும்?

டிஸ்க்கின் இரண்டு முகமும், பேடுகளும், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் பூட்டும், கெய்டு பின் பூட்டும், ஹோஸும், பிளீடர் நிப்பிளும், ஏபிஎஸ் சென்சார் வயரும். டிஸ்க்குக்குப் பிளாஸ்டிக் பை, மற்றவற்றுக்கு டேப். டேப் ஒட்டாத வளைவுகளில் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கிச் சுற்றினால் நன்றாக நிற்கும். தவறி டிஸ்க்கில் பெயின்ட் பட்டுவிட்டால் ஈரத்திலேயே பிரேக் கிளீனரால் துடைத்துவிடுங்கள். பேடில் பட்டுவிட்டால் அந்த பேடை மாற்றுவதே சரி.

எத்தனை கோட்டு?

மெல்லிசாக மூன்று. இடைவெளி டப்பாவில் சொன்னபடி. ஒரே தடவையில் கெட்டியாக அடித்தால் கீழே வழிந்து சொட்டாக நிற்கும், உள்ளே காயாது. முதல் கோட்டில் இரும்பு தெரிந்துகொண்டுதான் இருக்கும், பதற வேண்டாம். கடைசிக் கோட்டுக்குப் பிறகு டேப்பை முழுதாகக் காய்வதற்கு முன்னால் உரித்துவிடுங்கள். காய்ந்த பிறகு உரித்தால் ஓரம் பிய்ந்து வரும். பிறகு 24 மணி நேரம் வண்டியைத் தொடாதீர்கள்.

பின்னால் டிரம்தான் இருக்கிறது. அதற்கும் அடிக்கலாமா?

தாராளமாக. பார்க்கப்போனால் டிரம்மில்தான் துரு அசிங்கமாகத் தெரியும். ஒரே ஒரு எச்சரிக்கை: சக்கரம் வந்து உட்காருகிற தட்டையான முகத்திலும், போல்ட்டுகளின் மரையிலும் பெயின்ட் இருக்கக் கூடாது. இரண்டு இரும்புக்கு நடுவே பெயின்ட் இருந்தால், ஓட ஓட அது நசுங்கும். நசுங்கிய அளவுக்கு நட்டின் இறுக்கம் குறையும். அந்த வட்டத்தை டேப் ஒட்டி மூடிவிட்டுச் சுற்றுப்புறத்துக்கு மட்டும் அடியுங்கள்.

ஆன்லைனில் பிளாஸ்டிக் காலிப்பர் கவர் விற்கிறார்களே?

வாங்காதீர்கள். சூட்டில் இளகும், டேப்போ பசையோ விட்டால் கழன்று ஓடுகிற சக்கரத்துக்குள் போய் மாட்டும். அதற்குள் உப்பும் மண்ணும் தேங்கி, கண்ணுக்குத் தெரியாமல் துரு வளரும்.

ஆர்.சி.யில் மாற்ற வேண்டுமா?

வேண்டியதில்லை. ஆர்.சி.யில் பதிவாவது வண்டி பாடியின் நிறம். காலிப்பர் அதில் வராது.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு அடிக்கலாமா?

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது தெருவில் நிறுத்திய கார்கள் சக்கரம் மூழ்க நின்றன. அடுத்த சில நாளில் தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கமும் வந்தது. அதற்குப் பிறகு இந்தக் கேள்வி நிறைய வந்தது. அப்படி நின்ற வண்டிக்குப் பெயின்ட் கடைசி வேலை. முதலில் மெக்கானிக்கிடம் விட்டு நான்கு சக்கரத்தையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். டிரம்முக்குள் வண்டல் இருக்கும், ரப்பர் பூட்டுக்குள் தண்ணீர் இருக்கும். பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். அது ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 வரைக்கும் இறங்கலாம். ஆயில் கொதித்தால் பெடல் அப்படியே கீழே போகும்.

பெயின்ட் காய்ந்ததும் எப்படி ஓட்டத் தொடங்குவது?

சக்கரத்தை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஸ்பேனரின்மேல் ஏறி நின்று மிதிக்காமல், வண்டியின் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குவதே முறை. வண்டியை நகர்த்துவதற்கு முன் நின்ற இடத்திலேயே பிரேக் பெடலை ஐந்தாறு முறை மிதியுங்கள். பேட் விலகியிருந்தால் முதல் மிதி வெறுமையாகப் போகும். தெருமுனையில் பெடல் தரையைத் தொடுவதைவிட வாசலிலேயே தெரிந்துகொள்வது மேல். பெடல் கெட்டியானதும் காலி ரோட்டில் மெதுவாக நாலைந்து முறை பிரேக் போட்டுப் பாருங்கள். முதல் நாள் லேசான பெயின்ட் வாசனை வரும், அது சூட்டில் இறுகுவதால்தான். புகையாக வந்தால் நிறுத்திப் பாருங்கள், எங்கோ பட்டிருக்கிறது. நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.

காலையில் வண்டி எடுக்கும்போது டிஸ்க்கில் மஞ்சளாக மெல்லிய துரு இருக்கிறதே என்று பயந்து சிலர் கேட்கிறார்கள். அது இரவு ஈரத்தால் வருவது. நாலு பிரேக்கில் போய்விடும். அங்கே பெயின்ட் அடிக்கவே கூடாது.

எத்தனை வருடம் தாங்கும்?

நன்றாகச் சுத்தம் செய்து அடித்தது என் வண்டியில் மூன்று மழைக்காலத்தைத் தாண்டி நிற்கிறது. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குப் போய்வந்த நாளில் சாதாரணத் தண்ணீரை சக்கரத்துக்குள் பீய்ச்சிவிடுகிறேன், பிரேக் ஆறிய பிறகு மட்டும். ஆசிட் கலந்த வீல் கிளீனரைக் கிட்டவே விடுவதில்லை. பிளீடர் நிப்பிளைச் சுற்றித்தான் முதலில் உரியும், பட்டறையில் ஆயில் மாற்றும்போது சிந்துவதால். ஒவ்வொரு தை மாதமும் அந்த இடத்தைத் துடைத்து உப்புத்தாள் போட்டு, ஒரு தொட்டு வைத்துவிடுவேன். மிச்சப் பெயின்டையும் ஹார்டனரையும் கலக்காமல் தனித்தனிச் சின்ன பாட்டில்களில் இறுக மூடி, அடித்த தேதியை எழுதி, டிக்கியில் ஜாக்கிக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறேன்.